விளிம்பு மெருகு: தண்ணீரும் தேய்ப்பும் செய்யும் வேலை

விளிம்பை வழுவழுப்பாக்க எதைப் பூசுவது? தோல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியையே மாற்றச் சொல்கிறது. பதனிட்ட தோலின் வெட்டுவாயை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மேல்முகத்தை ஒட்டி மெல்லிய, நெருக்கமான ஓர் அடுக்கு இருக்கும். அதற்குக் கீழே நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். சதைப்பக்கம் நெருங்க நெருங்கப் பின்னல் தளர்ந்து, கடைசியில் பஞ்சு மாதிரி ஆகிவிடும். கத்தி அறுத்துவிட்ட நார் முனைகள்தான் நாம் பிசிறு என்று சொல்வது. அந்த முனைகளைப் படுக்கவைத்து, ஒன்றோடொன்று நெருக்கி, மறுபடி எழாதபடி நிறுத்திவிட்டால் அதுதான் மெருகு. ஆகவே மெருகு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வதில்லை, தோலுக்குள்ளிருந்தே வருகிறது. நல்ல தோலில் வெறும் தண்ணீரும் தேய்ப்பும் முக்கால் வேலையை முடித்துவிடும். மீதிக் கால் பங்குக்குத்தான் பசையும் மெழுகும்.

இதை ஒப்புக்கொண்டால், நடைமுறையில் ஒரு விஷயம் தானாகவே விளங்கும். ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் குறையை அப்படியே வாங்கிக்கொள்கிறது. கோணலாக வெட்டியதை உப்புத்தாள் மட்டமாக்கலாம், தேய்ப்பு மட்டமாக்காது. உப்புத்தாள் விட்ட கீறலை மெழுகு மறைக்காது, பளபளப்பாக்கி இன்னும் எடுத்துக் காட்டும். விளிம்பு சரியாக வரவில்லை என்றால் மேலே இன்னொரு பூச்சு போடத் தோன்றுவது இயல்பு. அந்த இடத்தில் பின்னால் போகக் கற்றுக்கொள்வதுதான் இந்த வேலையின் பாதி.

முதலில், கையில் இருப்பது என்ன தோல்?

எல்லாத் தோலும் தேய்த்தால் மினுங்காது. மரப்பட்டை, காய் ஆகியவற்றின் துவர்ப்புச் சத்தால் பதனிட்ட தோல் ஈரத்தில் இளகும், அழுத்தினால் அழுந்தும், காய்ந்ததும் அழுத்திய வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். கடைக்காரர்கள் இதை ‘வெஜ் டேன்’ என்பார்கள். குரோமியம் உப்பால் பதனிட்ட தோல் அப்படியல்ல. அதன் நார்கள் மென்மையானவை, துள்ளல் உள்ளவை. அழுத்தினால் படுக்கும், கையை எடுத்தால் எழுந்துவிடும். அதை எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் மரத்துப்போவது உங்கள் தோள்பட்டைதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் காலணிக்காகச் செய்யப்படும் தோலில் பெரும்பகுதி குரோம் வகை. சென்னை பெரியமேட்டில் துண்டுத் தோல் வாங்கப் போனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். குரோம் தோலுக்கும் பழுப்புச் சாயம் ஏற்றுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு ஏற்ற தோல் கிடைக்காது என்று சிலர் இத்தாலியத் தோலைத் தேடிப் போவதுண்டு. அது தேவையில்லை. ‘ஈ.ஐ.’ (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போனது இங்கே ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்த தோல்தான். ஆவாரம்பட்டைக்குப் பதிலாகப் பின்னாளில் வாட்டில் பட்டைச் சத்து வந்துவிட்டது. இருந்தாலும் அது தாவரப் பதம்தான், தேய்த்தால் மினுங்கும். ஆனால் அந்த வகையில் வரும் ஆட்டுத்தோல் மெல்லியது. பெல்ட்டுக்கும் பணப்பைக்கும் மாடு, எருமை வகைகளைக் கேட்டு வாங்குங்கள். ஈ.ஐ. தோலையே மறுபடி குரோமில் பதனிட்டால் அதற்கு ‘செமி குரோம்’ என்று பெயர். அது இரண்டுங்கெட்டான். துண்டில் செய்து பார்க்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம்.

சந்தேகம் தீர வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய கீற்று வெட்டி, கொதிக்கும் தண்ணீரில் இடுக்கியால் பிடித்து ஒரு நிமிடம் முக்குங்கள். தாவரப் பதத் தோல் சுருண்டு, சுருங்கி, காய்ந்ததும் விறைத்துப்போகும். அது சுருங்கத் தொடங்கும் வெப்பம் ஏறக்குறைய 70 முதல் 85 டிகிரி செல்சியஸ். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் 100 டிகிரியைத் தாங்கும் என்பதால் பெரும்பாலும் போட்டபடியே வெளியே வரும். தீயில் கொளுத்திச் சாம்பலின் நிறம் பார்க்கும் பழக்கமும் உண்டு, அதைச் செய்யாதீர்கள். குரோம் எரிந்தால் வரும் புகையும் சாம்பலும் நல்லதல்ல.

தட்டில் இருக்க வேண்டியவை

பட்டியல் சிறியது. புது பிளேடு போட்ட கட்டர், இரும்பு ஸ்கேல், 220, 400, 600, 800 எண் உப்புத்தாள்கள், அவற்றை ஒட்டிக்கொள்ள ஒரு மட்டமான மரத்துண்டு, விளிம்பின் கூரை எடுக்கும் எட்ஜ் பெவலர், ஸ்பாஞ்சுத் துண்டு, கான்வாஸ் துணி, பள்ளம் வெட்டிய தேய்ப்புக்கட்டை, தேன்மெழுகு. தேய்ப்புக்கட்டையைக் கடையில் வாங்கலாம். ஈட்டி, கருங்காலி போன்ற இறுகிய மரத்தில் கைப்பிடியளவு துண்டு கிடைத்தால் வட்ட அரத்தால் நீங்களே பள்ளம் எடுத்து, 800 உப்புத்தாளால் உள்ளே மழமழப்பாக்கிக்கொள்ளலாம். பள்ளம் தோலின் கனத்தைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். 3.5 மி.மீ. தோலுக்கு 4 மி.மீ. பள்ளம் சரி. குறுகலாக இருந்தால் இரு ஓரத்திலும் கோடு விழும்.

குறிப்பு: பழைய ஜீன்ஸ் துணியால் தேய்க்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். கருப்புத் தோலுக்குச் சரி. சாயமேற்றாத வெளிர்த் தோலில், ஈரம் பட்டதும் நீலச் சாயம் இறங்கிவிடும். வெள்ளைக் கான்வாஸோ முரட்டுக் கதரோ போதும்.

வேலை வரிசை

கீழே எடுத்துக்காட்டாக 3.5 மி.மீ. கனமுள்ள ஒரு பெல்ட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு அடுக்குப் பணப்பைக்கு எங்கே மாறுகிறது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. வெட்டுதல். பிளேடு செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரே இழுப்பில் அறுக்க முயன்றால் கை கனத்து, பிளேடு அடியில் ஒரு பக்கமாகச் சாயும். மேலே நேராகவும் அடியில் உள்வாங்கியும் இருக்கும் வெட்டு அப்படி வருவதுதான். முதல் இழுப்பு கோடு போட, இரண்டாவது பாதி ஆழம், மூன்றாவது அடிவரை. ஸ்கேலைப் பிடிக்கும் இடது கையின் கட்டைவிரல் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தோலை மடியில் வைத்து வெட்டவே கூடாது. மழுங்கிய பிளேடுதான் அதிகம் வெட்டுக்காயம் தருகிறது, ஏனென்றால் அதைத்தான் பலம் கொண்டு அழுத்துகிறோம். பெல்ட் ஒன்றுக்கு ஒரு புது முனை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேடின் விலை சில ரூபாய். கோணல் வெட்டைச் சரிசெய்ய உப்புத்தாளோடு போகும் நேரம் அதைவிடப் பெரிய செலவு.

2. ஒட்டுதல். ஒற்றை அடுக்குப் பெல்ட்டுக்கு இது தேவையில்லை. பணப்பையில் விளிம்பு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு தோலும் சேரும் கோடு கடைசிவரை கறுத்த இழையாகத் தெரிகிறது என்றால், ஒட்டுவதற்குத் தடவும் சொல்யூஷன் விளிம்புவரை போகவில்லை என்று அர்த்தம். ஓரம் அசிங்கமாகிவிடும் என்று பயந்து 2 மி.மீ. உள்ளே நிறுத்திவிடுகிறார்கள். இரு பக்கமும் மெல்லிசாக, விளிம்பைத் தாண்டியே தடவுங்கள். விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு சேர்த்து, உருளையாலோ சுத்தியலின் தட்டை முகத்தாலோ அழுத்துங்கள். இரண்டு துண்டையும் சற்றுப் பெரிதாக வெட்டி ஒட்டிவிட்டு, சரியான அளவுக்கு இரண்டையும் ஒன்றாக வெட்டினால் மட்டமாக்கும் வேலை பாதி குறையும்.

3. மட்டமாக்குதல். மரத்துண்டில் ஒட்டிய 220 உப்புத்தாள். வெட்டு சுத்தமாக இருந்தால் 400-இலேயே தொடங்கலாம். இந்தக் கட்டத்தில் விளிம்பை உருட்டாதீர்கள், தட்டையாகவே வைத்திருங்கள். முன்னும் பின்னும் அரக்காமல் ஒரே திசையில் இழுங்கள். இருபுறமும் அரக்கினால் நார் ஒரு பக்கமாகப் படுக்காமல் எழுந்து நிற்கும். மெல்லிய தோலை இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே நெருக்கிப் பிடித்து, 1 மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி வைத்தால் நெளியாது.

4. கூர் எடுத்தல். தட்டையான விளிம்புக்கு மேலும் கீழும் இரண்டு கூரிய மூலைகள் உண்டு. அப்படியே தேய்த்தால் அந்த மூலைகள் பிதுங்கி, காளான் குடை மாதிரி வெளியே விரியும். பெவலர் அந்த மூலையை நூல் போலச் சீவி எடுத்துவிடுகிறது. சுமார் 45 டிகிரி சாய்வில், தோலை மறுகையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, நிற்காமல் தள்ளுங்கள். சீவல் அறுபடாமல் நீளமாக வந்தால் கருவி கூராக இருக்கிறது. துண்டு துண்டாக வந்தால் சாணை பிடிக்க வேண்டும். தடித்த நூலில் பச்சைப் பாலிஷ் கட்டியைத் தேய்த்து, கருவியின் பள்ளத்துக்குள் இழுத்தால் போதும். பெல்ட்டுக்கு 2-ஆம் எண், 2 மி.மீ. தோலுக்கு 0 அல்லது 1. எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 1 மி.மீ. தோலுக்குப் பெவலரே வேண்டாம், உப்புத்தாளால் மூலையைத் தடவினால் போதும்.

5. உருட்டுதல். இப்போது 400, பிறகு 600. உப்புத்தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, விளிம்பின் மேல் வளைத்துப் பிடித்து இழுங்கள். மேல்முகத்தில் விரல் பட்டுக் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் நகத்துக்குத் தெரியும். தைக்க வேண்டியிருந்தால் இப்போதே தைத்துவிடுங்கள். குத்தூசியும் நூலும் விளிம்பைச் சற்றுப் பிதுக்கும் என்பதால் கடைசி மெருகு தையலுக்குப் பிறகுதான். சாயம் பூசுவதாக இருந்தாலும் இதுதான் நேரம். மெழுகு பட்ட பிறகு சாயம் ஏறாது.

6. ஈரமாக்குதல். நூல்களில் ஒரு வரியில் முடித்துவிடும் இந்தக் கட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தண்ணீர் குறைந்தால் நார் இளகாது, தேய்ப்பு மேலே வழுக்கிக்கொண்டு போகும். தண்ணீர் கூடினால் விளிம்பு ஊறி, பஞ்சாகி, அழுத்தும்போது இரு பக்கமும் வழியும். ஸ்பாஞ்சைப் பிழிந்து, விளிம்பில் ஒரே ஒரு தடவை ஓட்டுங்கள். நிறம் கறுக்க வேண்டும், ஆனால் மேலே நீர்ப்படலம் மின்னக் கூடாது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். கறுத்த நிறம் வெளுக்கத் தொடங்குகிற கணம் ஒன்று வரும். மேற்பரப்பு காய்ந்தது போலவும் உள்ளே குளிர்ச்சியாகவும் இருக்கும். அதுதான் பதம். சித்திரை வெயிலில் அது ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். ஐப்பசி மழையில் நாலைந்து நிமிடம் எடுக்கும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள். ஒரே நேரத்தில் முழுப் பெல்ட்டையும் நனைத்தால் மறுகோடிக்குப் போவதற்குள் அது காய்ந்துவிடும். ஒரு சாண் நீளத்துக்கு மேல் நனைக்காதீர்கள்.

7. தேய்த்தல். முதலில் கான்வாஸ் துணி, லேசான கை. துணி முதலில் கரகரவென்று பிடித்து இழுக்கும். பத்துப் பதினைந்து இழுப்பில் அந்தப் பிடிப்பு குறையும். அப்போதுதான் வேகத்தையும் அழுத்தத்தையும் கூட்டலாம். உரசலின் சூடு ஈரத்தை விரட்டி, படுத்த நாரைப் படுத்தபடியே நிறுத்துகிறது. அதனால் மெதுவாக அழுத்துவதைவிட, அழுத்தம் மிதமாக இருக்க வேகமாகத் தேய்ப்பது மேல். பிறகு மரக்கட்டை. பள்ளத்தை நேராக வைத்துச் சில இழுப்பு, மேல்பக்கம் சாய்த்துச் சில, கீழ்ப்பக்கம் சாய்த்துச் சில. ஒரு சாணுக்கு ஓரிரு நிமிடம் ஆகும்.

8. மறுபடி 5, 6, 7. முதல் சுற்று முடிந்ததும் விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், மினுங்கும் இடங்களுக்கு நடுவே மங்கலான சின்னத் திட்டுகள் தெரியும். அவை உப்புத்தாள் எட்டாத பள்ளங்கள். இந்த இடத்தில் மெழுகை எடுப்பவர்கள் வேலையைப் பாதியில் விட்டவர்கள். 600, 800 உப்புத்தாளால் லேசாகத் தடவி, மறுபடி நனைத்து, மறுபடி தேய்க்க வேண்டும். இரண்டாம் சுற்றில் திட்டுகள் பாதியாகக் குறையும், மூன்றாம் சுற்றில் அநேகமாக மறையும். ஒரு பெல்ட்டின் இரண்டு ஓரமும் சேர்த்து இரண்டு மீட்டருக்கு மேல் வருகிறது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

9. மெழுகு. தேன்மெழுகுக் கட்டியை விளிம்பில் ஒரு முறை அழுத்தி ஓட்டி, கான்வாஸால் சூடு ஏறத் தேய்த்தால் உருகி நாருக்குள் இறங்கும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால் கைத்தேய்ப்பின் சூடே பெரும்பாலும் அதை இளக்கிவிடுகிறது. நம் ஊர் வெயிலில் அது கொஞ்சம் பிசுபிசுக்கும். 82 டிகிரிக்கு மேல் உருகும் கார்னோபா மெழுகை மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தால் அந்தக் குறை தீரும். மெழுகின் வேலை தண்ணீரையும் அழுக்கையும் தடுப்பதுதான். மினுக்கம் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

குறிப்பு: பணப்பையில் கார்டு அறைகளின் மேல் ஓரம், உள் மடிப்பு ஆகியவற்றை ஒட்டிய பிறகு எட்ட முடியாது. அவற்றை மட்டும் ஒட்டுவதற்கு முன்பே முழுதாக முடித்துவிடுங்கள். சொல்யூஷன் தடவப்போகும் இடத்தில் மெழுகு பட்டால் அது பிடிக்காது.

குறிப்பு: ஈரத் தோலை இரும்பு ஸ்கேலுக்கு அடியிலோ கத்தியோடோ விட்டுவைக்காதீர்கள். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பு மை ஆவதை அறிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தோலில் இருப்பதும் அதே துவர்ப்புதான். கறை விழுந்துவிட்டால் எலுமிச்சைச் சாறு ஓரளவுக்கு எடுக்கும், முழுதாக அல்ல.

மூன்று மறுப்புகள்

தண்ணீரே போதும் என்றால் ஜப்பானின் டோக்கோநோல், டிராககாந்த் பிசின், சி.எம்.சி. தூள் என்று இத்தனை பொருள் எதற்கு விற்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவை வீணல்ல. அவை படுத்த நாரைப் படுத்தபடியே பிடித்துவைக்கும் ஒட்டுப்பசைகள். நார் தளர்ந்த வயிற்றுப்பகுதித் தோலிலும், பஞ்சுபோன்ற சதைப்பக்கத்திலும் தண்ணீர் மட்டும் போதாது, அங்கே பசை வேலையைக் காப்பாற்றும். ஆனால் முதுகுப்பகுதியிலிருந்து வெட்டிய, நார் இறுகிய ஒரு துண்டை எடுத்து, ஒரு பாதியைத் தண்ணீரிலும் மறுபாதியைப் பசையிலும் ஒரே அளவு தேய்த்துப் பாருங்கள். வேறுபாடு இருக்கும், ஆனால் டப்பாவின் விலை அளவுக்கு இருக்காது. உப்புத்தாள் போடாத துண்டில் அதே பசையைத் தடவினால் பிசிறு அப்படியே உறைந்து நிற்பதையும் பார்க்கலாம். பசையை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை 6-ஆம் கட்டத்தில் தண்ணீருக்குப் பதிலாகவோ அதற்கு அடுத்தோ பயன்படுத்துங்கள், 3, 4, 5-க்குப் பதிலாக அல்ல. பூசும்போது மேல்முகத்தில் வழிந்தால் உடனே துடையுங்கள். காய்ந்த இடத்தில் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. கடையில் கிடைக்கும் விலை உயர்ந்த கைப்பைகளில் விளிம்புக்கு வண்ணப் பூச்சுதானே இருக்கிறது, அதைச் செய்தால் என்ன? குரோம் தோலுக்கு அதுதான் வழி, அல்லது ஓரத்தைச் சீவி மெலிதாக்கி மடித்து ஒட்ட வேண்டும். தேய்ப்பை எதிர்பார்க்கவே முடியாத இடத்தில் பூச்சைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அது சுலபமான வழி என்று நினைப்பது தவறு. நல்ல பூச்சுக்கும் கட்டம் 1 முதல் 5 வரை அதே வேலை உண்டு. அதற்கு மேல் மெல்லிய பூச்சு, காயவிடல், உப்புத்தாள், மறுபடி பூச்சு என்று மூன்று, நான்கு சுற்று. ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் மேலே தோல் கட்டி, உள்ளே காயாமல், பிறகு வளையும் இடத்தில் வெடிக்கும். பெல்ட்டின் கொக்கித் துளைகளுக்குப் பக்கத்தில் பூச்சு உரிந்து தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். மெருகு ஏற்றிய விளிம்பு தேய்ந்தால் மறுபடி நனைத்துத் தேய்த்துக்கொள்ளலாம். உரிந்த பூச்சை முழுதும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க முடியும். தாவரப் பதத் தோல் கையில் இருக்கும்போது பூச்சைத் தேர்ந்தெடுக்க வேறு நிறம் வேண்டும் என்பதைத் தவிர நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, டிரில்லில் மாட்டும் மரமுனை பத்து நிமிடத்தில் முடித்துவிடுமே என்பது. முடித்துவிடும்தான். தேய்ப்பின் சூடுதான் வேலை செய்கிறது என்று மேலே சொன்னதற்கு அதுவே சாட்சி. ஆனால் தாவரப் பதத் தோல் 70 டிகிரியை ஒட்டிச் சுருங்கத் தொடங்கும் என்பதையும் கூடவே நினைவில் வையுங்கள். ஒரே இடத்தில் இரண்டு நொடி நின்றால் விளிம்பு கருகி, கறுத்து, விறைத்துவிடும். அந்தத் தழும்பு போகாது. கைத்தேய்ப்பில் பதம் தெரிந்த பிறகு இயந்திரத்துக்குப் போங்கள். குறைந்த வேகத்தில் வையுங்கள், தோலை நிறுத்தாமல் நகர்த்துங்கள். பழைய செருப்புத் தொழிலாளர்கள் அடித்தோலின் விளிம்பைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி மட்டமாக்கி, மெழுகு தடவி, காய்ச்சிய இரும்பை ஓட்டினார்கள். முதலில் மட்டம், பிறகுதான் மெழுகும் சூடும்: கருவிகள் வேறு, வரிசை இதுதான்.

கோளாறும் அதன் வேரும்

விளிம்பு காளானாக விரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது கூர் எடுக்கவில்லை. காயவிட்டு, 4-ஆம் கட்டத்துக்குப் போங்கள். தேய்த்த அன்று மினுங்கி மறுநாள் பிசிறு எழுந்தால் ஈரம் உள்ளேயே இருக்கும்போது நிறுத்திவிட்டீர்கள். 6, 7 மறுபடி. அலை அலையாகத் தெரிந்தால் உப்புத்தாளை மரத்துண்டில் ஒட்டாமல் விரலால் பிடித்திருக்கிறீர்கள், 3-க்குப் போக வேண்டும். அடுக்குக் கோடு பிளந்தால் சொல்யூஷன் பற்றவில்லை. கத்தி முனையால் கொஞ்சம் உள்ளே செலுத்தி அழுத்திப் பார்க்கலாம், பெரிதாக இருந்தால் ஓரத்தையே 1 மி.மீ. வெட்டி எறிவது உத்தமம். தேங்காய் எண்ணெய் தடவி மெருகு கூட்டலாம் என்று தொடக்கத்திலேயே எண்ணெய் விட்டிருந்தால் அந்தத் துண்டை மறந்துவிடுங்கள். எண்ணெய் ஊறிய நார் தண்ணீரை ஏற்காது, படுக்கவும் செய்யாது.

உடம்பைக் காத்துக்கொள்ள

உப்புத்தாள் போடும்போது எழும் தூசியை அலட்சியம் செய்யாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, தோல் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்குப் பகுதியில் வரும் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. வாரம் ஒரு பணப்பை செய்பவருக்கும் தொழிற்சாலையில் வருடக்கணக்கில் நிற்பவருக்கும் ஆபத்து ஒரே அளவல்ல. ஆனால் என்-95 முகக்கவசம் போட்டுக்கொள்ள அந்த வாதம் தடையாக இருக்கத் தேவையில்லை. தூசியை வாயால் ஊதாதீர்கள், விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

சொல்யூஷனில் இருக்கும் கரைப்பான்களின் ஆவி தலைசுற்றலை உண்டாக்கும், நாள்பட நரம்பையும் பாதிக்கும், சட்டெனத் தீப்பிடிக்கும். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மெழுகு உருக்கும் அடுப்பும் சொல்யூஷன் டப்பாவும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுங்கள். டிரில் முன்னே உட்காரும்போது முடியைக் கட்டி, துப்பட்டாவையும் முந்தானையையும் செருகி, கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

இனி, பெல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் அதே தோலில் ஒரு சாண் துண்டு வெட்டி எடுங்கள். அதை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டு, முதல் பகுதியில் ஒரு சுற்றும், இரண்டாவதில் இரண்டும், மூன்றாவதில் மூன்றும் செய்யுங்கள். எத்தனை முறை நனைத்தீர்கள், எந்த உப்புத்தாளில் தொடங்கினீர்கள் என்பதைப் பின்பக்கம் பேனாவால் எழுதி, ஆணியில் மாட்டிவையுங்கள். அடுத்த தோல் வாங்கும்போது அந்தத் துண்டையும் கடைக்கு எடுத்துப் போங்கள்.